ஒரு குசினி, ஒரு பணப்பெட்டி, ஒரு ஓய்வுநாள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வாடகை, பள்ளிக்கூட அனுமதி, வேலையிட உரிமை என்று எழுதுவோம். இம்முறை எங்களுக்கு முன்னர் இதே லண்டனுக்கு அகதிகளாக வந்து இறங்கிய சில பிள்ளைகளின் கதையைச் சொல்லப் போகிறோம். அவர்கள் யூதப் பிள்ளைகள். வேலை செய்து, ஒரு குசினியில் சமைத்து, ஒரு பெட்டியில் காசு போட்டு, சமய ஒழுங்கையும் விடாமல் ஒரு கமத்தையே கட்டி எழுப்பியவர்கள். அந்தக் கதையில் நாங்கள் பழகவேண்டியது நிறைய இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கடக்கக்கூடாத ஒரு பகுதியும் இருக்கிறது.

இல்ஃபேர்ட், மனோர் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு லிவர்பூல் ஸ்ரீற் ரயில் நிலையம் நன்றாகத் தெரியும். அதன் வாசலில் பெட்டிகளோடு நிற்கும் சிறுவர் சிறுமியரின் வெண்கலச் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். 2006இல் வைக்கப்பட்ட சிலைகள் அவை. அவற்றைச் செய்த பிராங்க் மைஸ்லர் என்ற சிற்பியும் அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர்தான்.

1938 நவம்பரில் யேர்மனியில் யூதரின் கடைகளும் செபக்கூடங்களும் ஒரே இரவில் எரிக்கப்பட்டன. எங்களுக்கு 1983 யூலை எப்படியோ அவர்களுக்கு அந்த இரவு அப்படி. அதன்பின் பிரித்தானிய அரசாங்கம் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் வர விட்டது. தாய் தகப்பனுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளின் செலவு அரசாங்கத்தின் தலையில் விழக்கூடாது என்று உத்தரவாதம் கேட்டார்கள். பின்னர் ஒரு பிள்ளைக்கு 50 பவுண்ஸ் பிணைப்பணமும் கேட்டார்கள். 1938 டிசெம்பர் 2ஆம் திகதி முதற் கூட்டம் ஹாவிச் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1939 செப்ரெம்பரில் யுத்தம் தொடங்கும் வரைக்கும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் வந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் தாய் தகப்பனைப் பிறகு காணவேயில்லை.

கோட்டையில் ஒரு கமக்காரப் பள்ளி

வந்த பிள்ளைகளில் பலரை ஆங்கிலேயக் குடும்பங்கள் வளர்த்தன. ஆனால் கொஞ்சம் வளர்ந்தவர்களை, பதினான்கு பதினைந்து பதினாறு வயதுக்காரரை, வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். இது எங்களுக்கும் தெரிந்த விஷயம். சின்னப் பிள்ளைக்கு இரங்குகிற உலகம் மீசை அரும்பிய பையனைக் கண்டால் கொஞ்சம் பின்வாங்கும்.

அந்த வயதுப் பிள்ளைகளை பாஹாட் என்ற இயக்கம் பொறுப்பெடுத்தது. யேர்மனியில் 1928இல் தொடங்கிய சமயப் பற்றுள்ள யூத இளைஞர் இயக்கம் அது. அதை இங்கே நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆரியே ஹான்ட்லர். அவரும் யேர்மனியிலிருந்து தப்பி வந்தவர்தான். பிள்ளைகளுக்குக் கமவேலை பழக்கி, ஒருநாள் பாலஸ்தீனத்துக்கு அனுப்பிக் கூட்டுக் கமம் அமைக்க வைப்பது அவர்களின் திட்டம். அந்தப் பயிற்சிக்கு எபிரேய மொழியில் ஹக்ஷரா என்று பெயர். ஆயத்தம் என்று பொருள்.

வட வேல்ஸில் அபர்கெலே என்ற ஊரில் குரீக் கோட்டை இருக்கிறது. 2020இலும் 2021இலும் ரெலிவிசனில் பிரபலங்களைப் பூச்சி தின்ன வைத்த நிகழ்ச்சி நடந்ததே, அதே கோட்டை. 1939இல் அங்கேதான் ஏறக்குறைய 200 யூதப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பெயர்தான் கோட்டை. மின்சாரம் இல்லை, நல்ல தண்ணீர் வசதி இல்லை, சூடு இல்லை. பிள்ளைகளே கூட்டிக் கழுவி, அக்கம்பக்கத்து வேல்ஸ் கமக்காரரின் தோட்டங்களில் வேலைக்குப் போனார்கள். பட்டணத்தில் வளர்ந்த டொக்ரரின் மகனும் கடைக்காரரின் மகளும் கிழங்கு கிண்டவும் மாட்டுக்கொட்டில் கூட்டவும் பழகினார்கள். மாலையில் படிப்பு, நேரத்துக்கு வழிபாடு, வெள்ளி பொழுதுபட்டால் ஓய்வுநாள். 1941இல் அந்த இடம் மூடப்பட்டது. பிள்ளைகள் வேறு கமங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

1944இல் எசெக்ஸ் மாகாணத்தில் தாக்ஸ்ரெட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பாஹாட் ஒரு கமத்தைத் தனக்கென்றே வாங்கியது. லண்டனிலிருந்து காரில் போனால் ஒன்றரை மணித்தியாலம் வராது. அங்கே பயிற்சி பெற்றவர்களும், அதேபோன்ற மற்றக் கமங்களில் வளர்ந்தவர்களும் சேர்ந்து 1949இல் இஸ்ரேலின் கலிலேயா மலைப்பகுதியில் லாவி என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களிற் பலர் அகதிப் பிள்ளைகளாக லண்டனில் வந்து இறங்கியவர்கள். லாவி என்றால் சிங்கம்.

கிபுற்ஸ் என்றால் என்ன?

கிபுற்ஸ் என்பது கூட்டுக் கமக் குடியிருப்பு. முதலாவது கிபுற்ஸ் டெகானியா. கலிலேயாக் கடலின் தென்கரையில் 1910 அளவில் தொடங்கியது. அங்கே நிலம் எவருடைய தனிச் சொத்துமல்ல. மாடு எல்லாருக்கும் பொது. சம்பளம் என்று ஒன்று இல்லை. உழைப்பு முழுவதும் பொதுப் பெட்டிக்குப் போகும். வீடு, சாப்பாடு, உடுப்பு, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பொதுப் பெட்டியிலிருந்து வரும். ட்ராக்ரர் ஓட்டுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் கோப்பை கழுவுகிறவருக்கும் ஒரே பங்கு. சண்டை சச்சரவிலிருந்து புது மாடு வாங்குவது வரைக்கும் உறுப்பினர் கூட்டத்தில் கையை உயர்த்தித் தீர்மானிப்பார்கள்.

தொடக்ககாலக் கிபுற்ஸ்காரரிற் பெரும்பாலானோர் சோசலிசக்காரர், கடவுளைக் கும்பிடாதவர்கள். சமயக்காரர் அதே மாதிரி வாழப் போகிறோம் என்றபோது இரண்டு பக்கமும் சிரித்தது. "கும்பிட்டுக்கொண்டு எப்படிக் கமம் செய்வீர்கள்?" என்று ஒரு பக்கம். "கமம் செய்துகொண்டு எப்படி வேதம் படிப்பீர்கள்?" என்று மற்றப் பக்கம். வேதமும் வேலையும் என்பதே அவர்களின் கொள்கை. சமய கிபுற்ஸ்களின் சங்கம் 1935இல் உருவானது. 1937இல் ரிராற் ஸ்வி, 1939இல் ஸ்டே எலியாகு, 1941இல் யாவ்னே என்று ஒவ்வொன்றாக எழும்பின. ரிராற் ஸ்வி யோர்தான் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்தும் இடம். 1942 யூனில் அங்கே வெப்பம் 54 பாகை செல்சியஸ் வரை போனதாகப் பதிவு இருக்கிறது. எங்கள் வன்னி வெயில் தோற்றுவிடும். இன்றைக்கு இஸ்ரேலில் ஏறத்தாழ 270 கிபுற்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் சமய கிபுற்ஸ்கள் ஏறக்குறைய இருபதுதான். சிறுபான்மைக்குள் சிறுபான்மை.

பழைய கிபுற்ஸ்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் தாய் தகப்பனோடு தூங்கமாட்டார்கள். பிள்ளைகள் இல்லம் என்று தனிக் கட்டடத்தில் ஒன்றாகத் தூங்குவார்கள். பின்னேரம் சில மணித்தியாலம் மட்டும் வீட்டுக்கு வருவார்கள். லாவிக்காரர் இதைப் பின்பற்றாமல் தொடக்ககாலத்திலேயே பிள்ளைகளை வீட்டில் படுக்க வைத்தார்கள். சின்ன வயதில் ரயில் மேடையில் தாயின் கையை விட்டவர்கள் தங்கள் பிள்ளையை இரவில் பக்கத்தில் வைத்திருக்க விரும்பியிருப்பார்கள் என்று விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை.

மாட்டுக்கு ஓய்வுநாள் தெரியுமா?

சமயமும் கமமும் எங்கே முட்டிக்கொண்டன என்று பார்த்தால் சுவையாக இருக்கும்.

யூதருக்கு வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும் வரைக்கும் சபாத், ஓய்வுநாள். கோல்டர்ஸ் கிறீன், ஸ்ராம்ஃபேர்ட் ஹில் பக்கம் சனிக்கிழமை போனால் குடும்பம் குடும்பமாக நடந்து போவதைக் காணலாம். அன்றைக்கு நெருப்பு மூட்டக்கூடாது, கார் ஓட்டக்கூடாது, காசு தொடக்கூடாது. பால் கறப்பதும் தடுக்கப்பட்ட வேலைதான். ஆனால் மாட்டுக்கு இது தெரியுமா? ஒருநாள் கறக்காவிட்டால் மடி வீங்கி நோவெடுத்துக் கதறும். வாயில்லாச் சீவனை வருத்தக்கூடாது என்பதும் அவர்களின் வேதக் கட்டளை. இப்போது எந்தக் கட்டளையைப் பார்ப்பது?

யூதரல்லாத அயலவரைக் கொண்டு கறப்பிக்கலாம் என்றார்கள் ரபிமார். அது பழைய வழி. ஆனால் கமத்து இளைஞர்களுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. எங்கள் சமயம் எங்கள் கமத்துக்கு உதவ வேண்டுமென்றால், இன்னொருவனின் கையை நம்பாமல் நாங்களே செய்யக்கூடிய வழி வேண்டும் என்று கேட்டார்கள். சில இடங்களில் மாட்டின் நோவைத் தீர்க்க மட்டும் கறந்து பாலை நிலத்தில் ஓட விட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் பால் முழுவதும் மண்ணுக்கு! கடனில் நின்ற கமத்துக்கு அது எவ்வளவு நட்டம்! பிறகு கறவை இயந்திரம் வந்தது. நேரங்காட்டி தானாக மின்சாரத்தைத் திறந்து மூடும்படி ஒழுங்கு செய்தார்கள். சட்டமும் மீறப்படவில்லை, மாடும் கதறவில்லை, பாலும் வீணாகவில்லை. ரபிமாரோடு இருந்து வாதாடிக் கண்டுபிடித்த வழி அது.

இன்னொன்று ஏழாவது ஆண்டு. ஆறு ஆண்டு விதைத்தால் ஏழாவது ஆண்டு நிலத்தைச் சும்மா விடு, தானாக விளைவதை ஏழைகளும் எடுக்கட்டும் என்பது அவர்களின் வேதம். கடைசியாக 2021 செப்ரெம்பரிலிருந்து 2022 செப்ரெம்பர் வரை அந்த ஆண்டு வந்தது. பலர் அந்த ஆண்டுக்கு மட்டும் நிலத்தை யூதரல்லாத ஒருவருக்குச் சட்டப்படி எழுதி விற்றுவிட்டுத் தொடர்ந்து பயிரிடுவார்கள். ஹஃபெற்ஸ் ஹயிம் என்ற கிபுற்ஸ்காரர் அந்தத் தந்திரத்தை விரும்பாமல், மண்ணே இல்லாமல் தண்ணீரில் மரக்கறி வளர்க்கப் பழகினார்கள்.

தோட்டத்தோடு நின்றுவிடவுமில்லை. ஸ்டே எலியாகுக்காரர் நஞ்சு மருந்து அடிப்பதைக் குறைக்க, பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகளை வளர்த்து உலகம் முழுவதும் விற்கிறார்கள். எலியைப் பிடிக்க ஆந்தைகளுக்குக் கூடு கட்டிக் கொடுக்கிறார்கள். லாவிக்காரர் செபக்கூடங்களுக்குரிய வாங்கு மேசை செய்யும் தச்சுத் தொழிற்சாலை வைத்து, பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு ஹொட்டேலும் நடத்துகிறார்கள். சபாத் வந்தால் தச்சுத் தொழிற்சாலையின் இயந்திரம் நிற்கும். ஓடரின் அவசரம் அதை ஓட்டமாட்டாது.

எங்கள் தொழிற்சாலையில் பெல்ற் நிற்பதில்லை. இரவு ஷிஃப்ற் முடிந்து நாங்கள் இறங்க, பகல் ஷிஃப்ற் ஏறும். ஏழு நாளும் வேலை கிடைத்தால் ஏழு நாளும் போகிற எம்மவர் எத்தனை பேர்! ஏஜென்சிக் கடன், ஊரிலே தங்கச்சியின் கலியாணம், வீட்டு வாடகை. ஏன் போகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள். அவர்களும் கடனில்தான் தொடங்கினார்கள். பாலை மண்ணில் ஊற்றியாவது ஒருநாளைக் காப்பாற்றினார்கள். அந்த ஒருநாள் தப்பியதால் பிள்ளைக்குத் தகப்பனின் முகம் தெரிந்தது, அயலவரோடு ஒன்றாக இருந்து சாப்பிட முடிந்தது, எபிரேயப் பாட்டைப் பேரப்பிள்ளையும் பாடியது.

நூறு காசை இரண்டு பேர் எடுத்தால்

1985ஐ அண்டி இஸ்ரேலில் பணவீக்கமும் வட்டியும் தலைக்கு மேலே ஏறி, கிபுற்ஸ்கள் பெரிய கடனில் விழுந்தன. அதன்பின் பெரும்பாலான கிபுற்ஸ்கள் மாறிவிட்டன. இப்போது அவற்றில் வேலைக்கேற்ற சம்பளம். பொதுச் சாப்பாட்டு மண்டபத்தில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும், அல்லது மண்டபமே பூட்டு. சமய கிபுற்ஸ்களிலும் சில மாறின. ஆனால் பொதுவாக அவை அந்த அடியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. சில இன்றும் ஒரே பணப்பெட்டியோடுதான் இருக்கின்றன.

ஏன் என்று அறிய ரிச்சர்ட் சோசிஸ், பிராட்லி ரஃபிள் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. ஒரே கிபுற்ஸைச் சேர்ந்த இரண்டு பேர். ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாது. நடுவில் 100 செக்கல் காசு. எவ்வளவு எடுக்கப் போகிறாய் என்று ஒவ்வொருவரும் இரகசியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேரின் தொகையும் சேர்ந்து 100க்கு மேலே போனால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தை ஒன்றரை மடங்காக்கி இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதாவது, நீ குறைய எடுத்தால் இருவருக்கும் கூட வரும். மற்றவன் வாரி எடுத்தால் உனக்கு நட்டம்.

நாளாந்தம் செபக்கூடத்துக்குப் போய் மற்றவர்களோடு நின்று வழிபடும் ஆண்கள்தான் ஆகக் குறைவாக எடுத்தார்கள். அந்தக் கூட்டு வழிபாடு பெண்களுக்குக் கட்டாயமில்லை. சமய கிபுற்ஸ்களிலே பெண்கள் ஆண்களைவிடக் கூட எடுத்தார்கள். ஆகவே நம்பிக்கை மனதில் இருப்பது மட்டும் போதாது, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் முகம் பார்த்து நிற்பதுதான் கையைக் கட்டுகிறது என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

எங்கள் சீட்டும் இதே கணக்குத்தானே? பத்துப் பேர் சேர்ந்து மாதம் போடுவோம். முதல் எடுத்தவன் கட்டாமல் விட்டால் கடைசி ஆள் அழ வேண்டும். ஊரில் சீட்டு நிலைத்ததற்குக் காரணம் கையெழுத்தல்ல. நாளைக்குச் சந்தையிலும் கோயில் வீதியிலும் அதே முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற எண்ணம். இங்கே அந்த வீதி இல்லை. ஆகவே நாங்கள் அந்த வீதியை வேறு விதமாக உண்டாக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

இனி அந்த மற்றப் பகுதிக்கு வருவோம். இதை எழுதாமல் விட்டால் எழுதியதெல்லாம் அரைக் கதை.

லாவி எழும்பிய இடத்துக்குப் பக்கத்தில் லூபியா என்ற அரபுக் கிராமம் இருந்தது. 1945ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே 2,350 பேர் வாழ்ந்தார்கள். 1948 யூலையில் இஸ்ரேலியப் படை வந்தபோது அந்தச் சனம் ஓடியது. பிறகு திரும்பிவர விடவில்லை. வீடுகள் தரைமட்டமாயின. அடுத்த ஆண்டு அந்தக் கிராமத்து நிலத்தில் லாவி வந்தது. கிராமம் இருந்த மேட்டில் இன்று பைன் மரக் காடு. லூபியாச் சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லெபனான், சிரியா அகதி முகாம்களில் வளர்ந்தார்கள். ரயில் மேடையில் தாயைப் பிரிந்த பிள்ளைகள் கட்டிய கமத்துக்கு அடியில், இன்னொரு தாயின் அடுப்புக் கல் கிடக்கிறது.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு நெஞ்சு இடிக்கக் காரணம் உண்டு. எங்களிடமும் கூட்டுக் கமங்கள் இருந்தன. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை, கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்ரர் இராசசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் கமங்களில் குடியிருத்தியது. கிணறு வெட்டி, காடு துப்புரவாக்கி, பிள்ளைகளுக்குப் பால்மா கொடுத்துப் பாலர் பள்ளி நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரையும் அரசாங்கம் கைது செய்தது. யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் டொக்ரர் இராசசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர் தப்பி, முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். கென்ற் பாம், டொலர் பாம் என்ற கமங்களில் இருந்த மலையகக் குடும்பங்களை 1984இல் கலைத்துவிட்டு, அங்கே சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்களின் குடும்பங்களையும் அரசாங்கம் இருத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அந்தக் கமங்களைத் தாக்கினார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களும் தாங்களாகத் தெரிந்தெடுத்து வந்து இருந்தவர்களல்ல.

ஆகவே ஒரு கமம் எழும்பினால் அதில் எவ்வளவு நெல் விளைந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. முன்னர் அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்றும் கேட்க வேண்டும். டொலர் பாமுக்காக அந்தக் கேள்வியைக் கேட்கிற நாங்கள் லூபியாவுக்காகவும் கேட்க வேண்டும். அப்போதுதான் எங்கள் கேள்விக்குப் பெறுமதி.

இன்னொரு விஷயம் கூலி ஆட்கள். சம்பளத்துக்கு ஆள் பிடிக்கமாட்டோம், எங்கள் கையால் செய்வோம் என்பதுதான் கிபுற்ஸின் ஆதிக் கொள்கை. காலப்போக்கில் வெளியாட்கள் வந்தார்கள். இன்று தோட்டங்களில் தாய்லாந்துத் தொழிலாளரைக் காணலாம். காசா எல்லையில் அலுமிம் என்ற சமய கிபுற்ஸ் இருக்கிறது. 1966இல் தொடங்கியது. 2023 ஒக்ரோபர் 7ஆம் திகதி ஹமாஸ் தாக்குதலில் அங்கே கொல்லப்பட்டவர்களில் 10 பேர் நேபாள மாணவர்கள். கமத்தொழில் படித்துக்கொண்டே உழைக்க வந்த பொடியன்கள். தாய்லாந்துத் தொழிலாளரும் மாண்டார்கள். அந்த மண்ணின் வழக்கு எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. அதன்பின் காசாவில் இஸ்ரேலின் குண்டுகளுக்குப் பல்லாயிரம் சனம் பலியானது. முள்ளிவாய்க்காலை அறிந்த எங்களுக்கு அதை விபரிக்கத் தேவையில்லை.

நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். புதிதாக வந்த குடும்பங்கள் பல இன்றைக்கும் ஒரு வீட்டில் இரண்டு மூன்றாகத்தான் இருக்கின்றன. ஒரே குசினி. பிரிட்ஜில் தட்டுக்குத் தட்டு பெயர் எழுதி ஒட்டியிருக்கும். மீற்றருக்கு யார் காசு போட்டது, குளியலறையை யார் கழுவவில்லை என்று முணுமுணுப்பு. அப்படியிருந்தும் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த அறை அக்கா கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆங்கிலக் கடிதம் வந்தால் மேல்மாடித் தம்பி வாசித்துச் சொல்லுவார். விசா கிடைத்து, தனி வீடு கிடைத்ததும், அதெல்லாம் மெல்ல மறைகிறது. கஷ்டம் எங்களைச் சேர்க்கிறது, வசதி பிரிக்கிறது. இது எங்கள் குணக்கேடு அல்ல. ஒழுங்கு ஒன்றும் இல்லாவிட்டால் எந்தச் சனத்துக்கும் அப்படித்தான். கடனும் வெயிலும் போனபின்னும் அந்தக் கமக்காரரைச் சேர்த்து வைத்திருந்தது அன்பு மட்டுமல்ல. எழுதிவைத்த முறையும், தவறாமல் வருகிற நாளுமே.

ஆகவே எங்களுக்குத் தோன்றுகிற நாலு விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, சேர்ந்திருக்கிற வீட்டில் வேலைமுறையை ஒரு தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். சமையல், குப்பை, கழுவல், மீற்றர்க் காசு எல்லாவற்றுக்கும் பெயரும் கிழமையும் போடுங்கள். ஆண்களின் பெயரும் அதில் வரட்டும். வாயால் பேசியது சண்டையில் முடியும், எழுதியது வேலையில் முடியும்.

இரண்டாவது, சீட்டுப் போடுகிறவர்கள் மாதத்தில் ஒருதரம் நேரில் கூடுங்கள். போனில் காசு அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். ஒரு தேத்தண்ணி குடித்து, கணக்கை எல்லாருக்கும் முன்னால் வாசியுங்கள். புது முகங்கள் என்றால் சிறு தொகையில் தொடங்குங்கள்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு அரை நாளையாவது தொடமுடியாத நாளாக்குங்கள். சைவரானால் வெள்ளி பின்னேரம், கிறிஸ்தவரானால் ஞாயிறு காலை, ஒன்றுமில்லாதவருக்கும் பிள்ளையின் தமிழ்ப் பள்ளி நாள் இருக்கிறது. அன்றைக்கு ஓவர்ரைம் என்று போன் வந்தால், வரமுடியாது என்று சொல்லப் பழகுவோம். ஓவர்ரைமுக்குக் கட்டாயப்படுத்த ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள், அல்லது இரண்டு வாரத்தில் இரண்டு நாள், ஓய்வு தரவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். உங்கள் ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள்.

நாலாவது, வேலிக்கு வெளியே நிற்பவரையும் கணக்கில் எடுங்கள். எங்களுக்குப் பின்னர் வந்தவர்கள் இருக்கிறார்கள். சூடானியர், ஆப்கானியர், எரித்திரியர். எங்கள் கடைகளில் பெட்டி தூக்குகிறவர்களும் குசினியில் கோப்பை கழுவுகிறவர்களும் இப்போது அவர்கள்தான். இருபது வருடத்துக்கு முன் எங்களுக்கு அரைச் சம்பளம் தந்தவனை நாங்கள் மறக்கவில்லை. அதே அரைச் சம்பளத்தை எம்மவர் கை இன்னொருவருக்கு நீட்டுமானால், நாங்கள் சேர்ந்து கட்டிய கோயிலுக்கும் பள்ளிக்கும் என்ன பெறுமதி?

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று பாட்டி சொல்லிவைத்தது உண்மை. எப்படிக் கூடுவது, யாரை வெளியே விடுகிறோம் என்பதை அவள் எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

அடுத்த இதழில், பிள்ளைகளின் இரண்டாம்நிலைப் பள்ளி விண்ணப்பம் பற்றி எழுதுவோம். அதுவரை சுகமாக இருங்கள்.